இரவல் குளிர்

பனி பெய்யும் கதை என்றால் எனக்கு இன்றும் சோறு தண்ணீர் வேண்டாம். இந்தப் பித்துக்கு ஊர்ப்பாசத்தைக் காரணம் காட்ட முடியாது. நான் மன்னார்குடிக்காரி. எங்கள் ஊரில் குளிர்காலம் என்பது மார்கழி விடியலில் வயல்மேல் படர்ந்து, எட்டு மணிக்குள் சொல்லாமல் கொள்ளாமல் கலைந்துபோகும் மூடுபனி. அந்தச் சொற்பக் குளிருக்கே தாத்தா குரங்குக் குல்லாயும் மஃப்ளருமாகத் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை, தொன்னையில் நெய் மினுங்கும் வெண்பொங்கல், வாசலில் பரங்கிப்பூ வைத்த கோலம். எல்லாம் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் டிசம்பர் பிறந்தால் என் மனம் ஓடுவது அங்கே இல்லை. ஆல்ப்ஸ் மலைக் குடிசை, ரஷ்யக் காடு, வடஜப்பானில் இறுகி உறைந்த வயல் என்று நான் வாழ்ந்தே இராத குளிர்காலங்களைத் தேடி ஓடுகிறது. பிறருடைய பால்யத்தை நினைத்து ஏங்குகிற பிறவி நான்.

முதல் பனி எனக்குத் தமிழில்தான் பெய்தது. பெரியப்பா தொழிற்சங்கக்காரர். நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் கண்காட்சி எந்த ஊரில் நடந்தாலும் போய்வருவார்; திரும்பும்போது பையில் மாஸ்கோவில் அச்சான தமிழ்ப் புத்தகங்கள் இருக்கும். பூ. சோமசுந்தரம், ரா. கிருஷ்ணையா போன்றவர்கள் மாஸ்கோவிலேயே தங்கி மொழிபெயர்த்துத் தந்தவை. தடித்த நாவல்கள் பெரியப்பாவுக்கு. படம் போட்ட நாட்டுப்புறக் கதைகள் எனக்கு. அந்தப் படங்களில் கூரைமேல் ஒரு முழத்துக்குப் பனி கிடக்கும். வீட்டுக்குள்ளே பாதி அறையை அடைத்துக்கொண்டு ஓர் அடுப்பு. அந்த அடுப்பின் மேலேயே படுத்துத் தூங்கும் ஒரு கிழவர். அடுப்பின் மேல் படுக்கை! எங்கள் வீட்டில் மே மாதத்தில் அடுப்பங்கரையை எட்டிப் பார்த்தாலே முதுகு நனைந்துவிடும். மின்சாரம் போன மதியங்களில், தண்ணீர் தெளித்த சிமெண்டுத் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு, அந்தக் கிழவரைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன். வெயிலில் வெந்துகொண்டே கதகதப்புக்கு ஆசைப்படுவது எப்படிச் சாத்தியம் என்று இப்போதும் விளங்கவில்லை. 1991-ல் சோவியத் ஒன்றியம் கலைந்தது, புத்தக வரத்தும் நின்றது. பெரியப்பாவின் துக்கம் அரசியல் துக்கம். என் துக்கம் படப்புத்தகத் துக்கம்.

அந்த வெற்றிடத்தில் ‘ஜங்கிள் புக்’ கார்ட்டூனின் காட்டுச் சிறுவன் மோக்லி வந்து குதித்தான். 1993-ல் தூர்தர்ஷனில் ஞாயிறு காலை. இந்தியில் ஒரு சொல்லும் புரியாது. ஆனாலும் தலைப்புப் பாட்டை அவரவர் காதில் விழுந்தபடி தெருப்பிள்ளைகள் அத்தனை பேரும் பாடுவோம். அது 1989-ல் நிப்பான் அனிமேஷன் என்ற ஜப்பானிய நிறுவனம் தயாரித்த தொடர் என்று டோக்கியோவுக்குக் குடிவந்த பிறகுதான் தெரிந்தது. அதைவிட வேடிக்கை, ஆங்கில எழுத்தாளர் கிப்ளிங் மோக்லி கதைகளை எழுதத் தொடங்கிய இடம். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில், 1892-ன் குளிர்காலத்தில், ஜன்னல் விளிம்புவரை பனி குவிந்து கிடந்த ஒரு வாடகை வீட்டில் உட்கார்ந்துகொண்டுதான் அவர் மத்திய இந்தியக் காட்டின் வெக்கையை எழுதியிருக்கிறார். நான் வெக்கையில் இருந்துகொண்டு பனிக்கு ஏங்கினேன். அவர் பனியில் இருந்துகொண்டு வெக்கைக்கு ஏங்கினார். இதைப் படித்த அன்று எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. இரவல் ஏக்கம் எனக்கு மட்டும் பிடித்த நோய் இல்லை.

ஜப்பானியர்களோ இந்த நோயில் கரைகண்டவர்கள். ஹைடியை எடுத்துக்கொள்ளுங்கள். யோஹன்னா ஸ்பைரி 1880-லும் 1881-லும் இரண்டு பாகங்களாக வெளியிட்ட சுவிஸ் கதை; ஆல்ப்ஸ் மலையில் தாத்தாவோடு வாழும் ஒரு சிறுமியைப் பற்றியது. அதை 1974-ல் 52 வாரத் தொடராக்கினார்கள். இயக்கம் தகஹாத்தா இசாவோ. பாத்திர வடிவமைப்பு கொதாபே யோயிச்சி. எல்லாப் பகுதிகளுக்கும் காட்சி அமைப்பு வரைந்தவர், பின்னாளில் உலகமே கொண்டாடப்போகிற மியாசாகி ஹயாவோ. டி.வி. கார்ட்டூனுக்காக வெளிநாட்டுக்குப் போய் இடம் பார்த்து வருவதெல்லாம் அன்றைக்கு அரிது. 1973 கோடையில் இந்தக் குழு சுவிட்சர்லாந்துக்குப் போய், கதை நடக்கும் மையன்ஃபெல்ட் சுற்றுவட்டாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டு வந்தது. அவர்கள் நேரில் கண்டது பசும்புல் ஆல்ப்ஸ். தொடரில் வரும் குளிர்காலம், நடுங்கும் கூரைகள், வழியை அடைத்துக்கொள்ளும் பனி எல்லாம் அவர்கள் தங்கள் ஊர்ப் பனியிலிருந்து எடுத்துக்கொண்டவை என்பது என் ஊகம். அந்தத் தொடர் 1977-ல் ஜெர்மன் தொலைக்காட்சியில் வந்தபோது ஜெர்மன் பிள்ளைகள் அதைத் தங்கள் ஹைடியாகவே ஏற்றுக்கொண்டார்கள். மோக்லி எங்களுக்குத் திரும்பி வந்ததும் இதே பாதையில்தான்.

எங்கள் பேட்டை நூலகத்தில் அந்தப் பழைய தொடரின் டி.வி.டி.க்கள் இரவல் கிடைக்கின்றன. இலையுதிர்காலம் முடியும்போது முதல் தட்டை எடுத்து வந்துவிடுவேன். எனக்குப் பிடித்த காட்சி எல்லோருக்கும் பிடித்ததுதான்: ஹைடியின் தாத்தா ஒரு பெரிய பாலாடைக்கட்டித் துண்டை நீளமான கம்பியில் குத்தி நெருப்பருகே காட்டுகிறார். சும்மா காட்டி எடுத்துவிடுவதில்லை. கம்பியைத் திருப்புகிறார். விளிம்பு முதலில் பளபளக்கிறது, பிறகு தளர்கிறது, பிறகு வழியப் பார்க்கிறது. கீழே சொட்டுவதற்கு ஒரு கணம் முன்னால் ரொட்டிமேல் வழித்துப் போடுகிறார். அந்தச் சிறுமியின் கண் அந்தத் துண்டைவிட்டு நகர்வதே இல்லை. கதையில் இதனால் ஒரு திருப்பமும் வராது. இந்தக் கால வேகத்தில் இதே காட்சியை எடுத்தால் கம்பியைக் காட்டுவதற்குள் அடுத்த காட்சிக்குப் போயிருப்பார்கள். ஒன்பது வயதான என் மகள் முதல்முறை பார்த்துவிட்டு, “அம்மா, இதில் ஒன்றுமே நடக்கவில்லையே” என்றாள். கட்டி உருகியதே, அது போதாதா என்று கேட்டேன். அவளுக்கு என்னைப் பற்றிக் கவலை வந்திருக்க வேண்டும்.

உருகும் கட்டியைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். காய்ந்த ரொட்டியைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பது என் மனக்குறை. ஆடு மேய்க்கும் பேத்தரின் பாட்டிக்குக் கண் தெரியாது, பல்லும் போய்விட்டது. வீட்டில் இருக்கும் கறுப்பு ரொட்டியோ கல்போல இருக்கும். ஃப்ராங்க்ஃபர்ட்டில் பணக்கார வீட்டில் விடப்பட்ட ஹைடி, தனக்குக் கொடுக்கும் மிருதுவான வெள்ளை ரொட்டிகளைத் தின்னாமல் அலமாரியில் பாட்டிக்காகச் சேர்த்துவைக்கிறாள். அவை காய்ந்துபோகின்றன, வீட்டு நிர்வாகி அம்மாள் கண்டுபிடித்துத் தூக்கி எறியச் சொல்கிறாள். அதற்கு முன்பே, முதல் குளிர்காலத்தில், அந்தப் பாட்டியின் குடிசை காற்றில் கடகடவென்று ஆடுவதை ஹைடி வந்து சொல்ல, ஊரோடு ஒட்டாத அந்த முரட்டுத் தாத்தா சுத்தியலும் ஆணியுமாகப் போய்ச் செப்பனிடுகிறார். பசி இன்னது, குளிர் இன்னது என்று பார்க்கிறவர் எலும்புவரை உணர்த்திவிட்டுத்தான் இந்தக் கதை ரொட்டியைக் கையில் கொடுக்கிறது. பஞ்சுப் பனியும் வண்ண விளக்குமாக மட்டுமே குளிர்காலத்தைக் காட்டும் இன்றைய சிறுவர் படங்கள் எனக்கு ஒட்டாமல் போவது இதனால்தான். அவற்றில் யாருக்கும் குளிர்வதே இல்லை.

ஜப்பானிய வீடுகளில் இந்தப் பாடத்தை உடம்பாலேயே படிக்கலாம். ஐரோப்பாவில் இருக்கும் உறவினர்கள், குளிர்காலத்தில் வீட்டுக்குள் பனியனோடு திரிவதாகச் சொல்கிறார்கள். இங்கே நாங்கள் இருப்பது போன்ற பழைய வீடுகளில் சுவர் மெல்லிது, ஜன்னல் ஒற்றைக் கண்ணாடி. இந்த வீடுகள் அறையைச் சூடாக்குவதில்லை, ஆளைச் சூடாக்குகின்றன. அதற்கான கருவிதான் கொதாட்சு. குட்டையான மேஜை, அதன் அடியில் மின்கணப்பு, சட்டத்துக்கும் மேல்பலகைக்கும் நடுவே விரித்த தடித்த மெத்தைப் போர்வை. காலை உள்ளே நீட்டி, போர்வையை இடுப்புவரை இழுத்துக்கொண்டால் போதும். இடுப்புக்குக் கீழே வைகாசி, மேலே மார்கழி. முதுகு சில்லிடுவதால் ஹாந்தென் என்ற பஞ்சு வைத்த சட்டை. கழிவறைக்குப் போவதென்றால் ஒரு படையெடுப்புக்குரிய மனத்தயாரிப்பு வேண்டும். நடைக்கூடம் முழுக்க வெளியே உள்ள அதே குளிர்தான்.

அதனால் வீட்டில் எல்லோரும் ஒரே மேஜையைச் சுற்றி வந்து சேர்கிறார்கள். வேறு போக்கிடம் கிடையாது. மேஜைமேல் கூடை நிறைய மிக்கான் ஆரஞ்சு. எஹிமேயிலிருந்தோ வாக்காயாமாவிலிருந்தோ பெட்டியாக வாங்கினால் மலிவு. அடியில் இருப்பவை நசுங்கிப் பூசணம் பிடிப்பதற்குள் பெட்டியை ஒருமுறை கவிழ்த்து அடுக்க வேண்டும். கத்தி தேவையில்லை. காம்பின் எதிர்ப்பக்கம் கட்டைவிரலை அழுத்தினால் தோல் இதழ் இதழாகப் பிரிந்துவரும். பேச்சு ஓடிக்கொண்டிருக்கும்போது கை தானாக உரித்துக்கொண்டிருக்கும். ஜனவரி கடைசியில் என் மகளின் உள்ளங்கை மஞ்சள் பாரித்ததைப் பார்த்து மஞ்சள்காமாலையோ என்று பதறினேன். பக்கத்து வீட்டுப் பாட்டியம்மா சிரித்துவிட்டு, கூடையைச் சுட்டிக்காட்டினார். பழத்தில் இருக்கும் கரோட்டின் தோலில் தேங்குவதால் வரும் நிறம், நிறுத்தினால் போய்விடும். நாங்கள் நிறுத்தவில்லை.

மாலை மங்கும் நேரத்தில் தெருவில் மண்ணெண்ணெய் வண்டி வரும். ‘பனி’ என்ற குழந்தைப் பாட்டின் மெட்டைப் போட்டுக்கொண்டு ஊர்ந்துவரும். 1911-ல் பள்ளிப் பாடப்புத்தகத்தில் வந்த பாட்டு அது. நாய் தோட்டத்தில் துள்ளி ஓடுகிறது, பூனை கொதாட்சுவுக்குள் சுருண்டு கிடக்கிறது என்று வரும். ஞாயிற்றுக்கிழமை ஆறரை மணிக்கு டி.வி.யில் சஸாயே சான். 1969-ல் தொடங்கி இன்னும் நிற்காத குடும்பத் தொடர். வெளியே குளிர் வந்தால் அந்த வீட்டிலும் கொதாட்சு வந்துவிடும். அது முடிந்ததும் நாளை திங்கட்கிழமை என்ற நினைப்பு நாட்டு மக்களைக் கவ்விக்கொள்வதற்கு சஸாயே சான் நோய் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். என் கணவருக்கு அந்த நோய் முற்றிய நிலையில் இருக்கிறது.

மகளுக்காக நூலகத்துக்குப் போகத் தொடங்கி, இப்போது எனக்காகப் போகிறேன். குளிர்காலம் வந்தால் குழந்தைகள் பகுதியில் பனிக்கதைகளை முகப்பு தெரியும்படி எடுத்து வைப்பார்கள். ஒரு கையுறைக்குள் எலியிலிருந்து கரடிவரை ஒவ்வொன்றாக நுழைந்து நெருக்கிக்கொள்ளும் உக்ரைன் நாட்டுப்புறக் கதையை அங்கேதான் எடுத்தேன். ரச்சோவ் என்ற ஓவியர் வரைந்த அந்தப் புத்தகம் 1965-லிருந்து ஜப்பானில் அச்சில் இருக்கிறது. விலங்குகளின் உடையைப் பார்த்த மாத்திரத்தில் பெரியப்பாவின் பை ஞாபகம் வந்தது. அதே மாதிரிச் சரிகைக் கரை, அதே மாதிரி மீசை.

அதற்குப் பக்கத்தில் நீமி நான்கிச்சியின் நரிக்கதை இருந்தது. ஆய்ச்சி மாவட்டத்து ஹாந்தாவைச் சேர்ந்தவர். 1943-ல் 29 வயதில் இறந்துபோனார். இந்தக் கதை புத்தகத்தில் வந்தது அவர் போன பிறகு. இன்று மூன்றாம் வகுப்புப் பாடநூல்களிலும் வருகிறது. முதன்முறையாகப் பனியைப் பார்க்கும் நரிக்குட்டி, பொந்துக்கு வெளியே ஓடிப்போய்க் கண்ணைப் பொத்திக்கொண்டு திரும்பி வருகிறது: “அம்மா, கண்ணில் என்னவோ குத்திவிட்டது, எடுத்துவிடு.” குத்தியது ஒன்றுமில்லை, வெண்பனியில் பட்டுத் தெறித்த வெயில். டோக்கியோவின் குளிர் வறண்டது. சைபீரியாவிலிருந்து வரும் காற்று ஜப்பான் கடலில் அள்ளிய ஈரத்தையெல்லாம் நடுவே உள்ள மலைகளின் மேற்குப் பக்கம் கொட்டிவிட்டு, வெறுங்கையோடு இந்தப் பக்கம் வருகிறது. எனவே நாங்கள் பனியைத் தேடி மலைகளுக்கு அந்தப் பக்கமுள்ள யூசாவாவுக்கு ரயிலேறினோம். நீண்ட சுரங்கப்பாதையைத் தாண்டி, நிலையத்துக்கு வெளியே கால்வைத்ததும் நானும் அந்தக் குட்டியைப் போலவே கண்ணைப் பொத்திக்கொண்டேன். குழந்தைக் கதை எழுதுகிறவர் இவ்வளவு துல்லியமாக இருக்க வேண்டும் என்று யார் அவரைக் கட்டாயப்படுத்தினார்கள்?

குட்டியின் கை விறைத்துப்போகிறது. கையுறை வாங்க ஊருக்குள் போக வேண்டும். தாய்க்கோ மனிதர்கள் என்றால் நடுக்கம். குட்டியின் ஒரு கையை மட்டும் மனிதக் குழந்தையின் கையாக மாற்றி, இரண்டு காசைக் கொடுத்து, கதவிடுக்கில் அந்தக் கையைத்தான் நீட்ட வேண்டும் என்று படித்துப் படித்துச் சொல்லி அனுப்புகிறாள். தொப்பிக் கடைக் கதவு திறக்கிறது, வெளிச்சத்தில் கண் கூசுகிறது, குட்டி நரிக்கையை நீட்டிவிடுகிறது. கடைக்காரர் காசைத் தட்டிப் பார்க்கிறார். நல்ல காசு. கையுறையைக் கொடுத்துவிடுகிறார். குட்டி மகிழ்ச்சியோடு வந்து, மனிதர்கள் பயப்படும்படி ஒன்றும் இல்லை என்கிறது. மனிதர்கள் உண்மையிலேயே நல்லவர்கள்தானா என்று தாய் தனக்குள் கேட்டுக்கொள்கிறாள், ஒருமுறைக்கு இருமுறை. கதை அங்கேயே நின்றுவிடுகிறது. பதில் கிடையாது. படித்து முடித்ததும் என் மகள் கேட்ட கேள்வி வேறு: “காசு செல்லாததாக இருந்திருந்தால் கொடுத்திருப்பாரா?” வியாபாரிக் குடும்பத்தில் பிறந்தவள் நான், எனக்கு விடை தெரியும், சொல்லவில்லை.

இந்த வகையில் எனக்கு எல்லாவற்றுக்கும் மேலே நிற்பது மியாசாவா கென்ஜியின் ‘யுக்கி வத்தாரி’, அதாவது பனியைத் தாண்டிப் போதல். இவாத்தே மாவட்டத்து ஹனமாக்கிக்காரர். 1921 டிசம்பரிலும் அடுத்த மாதமுமாக ஒரு மகளிர் இதழில் வந்த இந்தக் கதைக்கு அவருக்குக் கிடைத்த ஐந்து யென்தான், அவர் உயிரோடு இருந்தவரை எழுத்துக்குப் பெற்ற ஒரே சன்மானம் என்பார்கள். பனி பளிங்குபோல இறுகிவிட்ட நாள். வேறு நாட்களில் தினைக்கொல்லை மறிக்கும், புதர் மறிக்கும். இன்று எந்தப் பக்கம் வேண்டுமானாலும் நேரே நடக்கலாம். இதுவே குழந்தைகளுக்குப் பெருங்கொண்டாட்டம். அப்படி நடந்துபோகும் அண்ணனும் தங்கையும் ஒரு நரிக்குட்டியைச் சந்திக்கிறார்கள். நரிப் பள்ளிக்கூடத்தில் படவிளக்குக் காட்சி நடக்கப்போகிறது, வாருங்கள் என்று அது டிக்கெட் கொடுக்கிறது. ஒரு நிபந்தனை: பன்னிரண்டு வயது நிரம்பியவர்களுக்கு அனுமதி இல்லை. மூத்த அண்ணன்கள் வயதைக் கேட்டு நரி அவர்களைக் கழித்துக்கட்டுகிறது. காட்சியில் நரிகள் உருண்டை பரிமாறுகின்றன. நரி கொடுப்பதைத் தின்னலாமா? அண்ணன் ஒரு கணம் யோசித்து, தின்போம் என்கிறான். தின்கிறார்கள். ருசியாக இருக்கிறது. நரிக்குட்டிகள் ஆனந்தக் கூத்தாடுகின்றன. ஓர் உருண்டையைத் தின்றதற்கு இத்தனை ஆனந்தம் ஏன் என்பது, உலகமெங்கும் தம்மை ஏமாற்றுக்காரர் என்றே கதை கட்டுகிறார்கள் என்று தெரிந்த ஓர் இனத்துக்குத்தான் புரியும்.

ஒன்றை மட்டும் நான் தொடுவதில்லை. 1975-ல் வந்த ‘ஃப்ளாண்டர்ஸ் நாய்’ தொடரின் கடைசிப் பகுதி. பால்வண்டிச் சிறுவன் நெல்லோவும் அவன் நாய் பத்ராஷும் கிறிஸ்துமஸ் இரவில் ஆன்ட்வெர்ப் பேராலயத்தில், ரூபன்ஸின் ஓவியங்களுக்கு முன்னால் விறைத்துச் செத்துப்போகிறார்கள். ஜப்பானில் ஒரு தலைமுறையே இதைப் பார்த்து அழுதது. அங்கே போய் நெல்லோ எங்கே என்று ஜப்பானியச் சுற்றுலாக்காரர்கள் கேட்கத் தொடங்கிய பிறகுதான் பெல்ஜியத்துக்காரர்களுக்கே தங்களிடம் இப்படி ஒரு கதை இருப்பது உறைத்தது. ஆங்கில நாவலாசிரியை ஒருவர் 1872-ல் எழுதியது அது. ஹோபோகெனில் 1985-ல் சிலை வைத்தார்கள். பேராலய வாசலில் 2016-லிருந்து ஒரு பளிங்குச் சிற்பம்: பையனும் நாயும் உறங்குகிறார்கள், தெருவின் பாவுகற்களே போர்வையாக மேலே ஏறியிருக்கின்றன. குளிரை மறைக்காத கதை வேண்டும் என்று மேலே வாய்கிழியப் பேசியவள்தான் நான். ஆனாலும் அந்தக் குழந்தைக்கு யாராவது கதவைத் திறந்திருக்கலாம்.

சென்ற வாரம் சூப்பர் மார்க்கெட் வாசலில் சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கு வாங்கிக்கொண்டு அம்மாவுக்கு வீடியோ அழைப்பில் காட்டினேன். மெல்ல மெல்லச் சுட்டதில் தோல் தளர்ந்து, உடைத்தால் உள்ளே தேன்பதத்தில் மஞ்சளாக இருக்கும். கையுறை இல்லாத கைக்கு அதுவே கணப்பு.

“எவ்வளவுடி கண்ணு?”

“முந்நூறு யென் அம்மா.”

“நம் பணத்தில் சொல்.”

சொன்னேன். அம்மா சற்று நேரம் பேசவில்லை. “அந்தக் காசுக்குப் பொங்கல் சந்தையில் அரைக் கூடை வாங்குவேன். அவித்துத் தின்றால் இறங்காதா உனக்கு?”

இறங்கும். ஆனால் எங்கள் வீட்டில் கிழங்கைக் கையில் வைத்துக் குளிர்காய்ந்தது யார்? அதை அம்மாவிடம் விளக்கப்போனால் பேச்சு என் உடல்நிலைக்குத் திரும்பிவிடும். விட்டுவிட்டேன்.

இந்தப் பிப்ரவரியில் ஒரு திட்டம் இருக்கிறது. அகித்தா மாவட்டத்து யோக்கோத்தேயில் கமகுரா திருவிழா. ஆள் நிற்கும் உயரத்துக்குப் பனியைக் குவித்து உள்ளே குடைந்து அறையாக்கி, நீர்த் தெய்வத்துக்கு மாடம் வைத்து, ஊர்க் குழந்தைகள் உட்கார்ந்திருப்பார்கள். போகிறவர் வருகிறவரை உள்ளே கூப்பிட்டு, மோச்சி என்ற சுட்ட அரிசிக் கட்டியும் அமஸாக்கே என்ற இனிப்பு அரிசிப் பானமும் கொடுப்பார்கள். பெரியவர்களையும் கூப்பிடுகிறார்கள் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன், நரிகளைவிடத் தாராளம். போகும் வழியில் ஷின் ஹனமாக்கியில் இறங்கிக் கென்ஜியின் நினைவகத்தைப் பார்த்துவிட்டு, கிட்டாக்காமியிலிருந்து மலைப்பாதை ரயிலைப் பிடிப்பதாக ஏற்பாடு. யோக்கோத்தேயில் விடுதிகள் நிரம்பிவிட்டன. பக்கத்து ஊரில் ஓர் அறை கிடைத்திருக்கிறது. மகள், பன்னிரண்டு ஆவதற்குள் நரியைப் பார்த்துவிட வேண்டும் என்று பாதி விளையாட்டாகவும் பாதி நிஜமாகவும் கிளம்பத் தயாராகிவிட்டாள். கணவர் கொதாட்சுவைவிட்டு எழுந்திருப்பதாகத் தெரியவில்லை. இரண்டு டிக்கெட் போட்டிருக்கிறேன்.